ஸ்ருஷ்டி (மூணாறு)

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாறில் இயங்கும் கல்வி, தொழிற்பயிற்சி அமைப்பு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காக டாட்டா டீ நிறுவனம் 1991இல் தொடங்கியது. இத்தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் கல்விப் பிரிவு 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளோடு நின்றுவிட்டது. அந்த வயதுக்கு மேற்பட்டோர் கைத்தொழில் கற்க ஸ்ருஷ்டி வழிசெய்தது. சிறுவர்களுக்கு ‘டேர்’ பள்ளி. வளர்ந்தவர்களுக்கு ‘அதுல்யா’வில் கைக்காகிதம், ‘ஆரண்யா’வில் இயற்கைச் சாயம். பெயர்பெற்றது சாயப்பட்டறைதான்: யூகலிப்டஸ் இலை, தேயிலைக் கழிவு போன்றவற்றைக் கொதிக்கவைத்துச் சாறு இறக்குகிறார்கள், துணியை மடித்து, நூலால் இறுகக் கட்டி அதில் முக்குகிறார்கள். கட்டுப்பட்ட இடத்தில் சாயம் ஏறாமல் கோலம் விழுகிறது. ஒரு துணியின் கோலம் இன்னொன்றில் அப்படியே வராது என்பதால், கைநடுக்கம் உள்ளவரின் வேலையும் இங்கே குறையாகத் தெரிவதில்லை.