ஒரே வழக்கு, இரண்டு சாக்ரடீஸ்கள்

கி.மு. 399இல் எழுபது வயது சாக்ரடீஸ் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். நகரம் வணங்கும் தெய்வங்களை ஏற்கவில்லை, புதுத் தெய்வங்களைப் புகுத்துகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார் என்று வழக்குத் தொடுத்தவர் மெலிட்டஸ். அனிட்டஸும் லைக்கனும் அவருக்குத் துணை. அன்று சாக்ரடீஸ் பேசியதை அவரிடம் பழகிய பிளேட்டோவும் செனபோனும் தனித்தனியே எழுதிவைத்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு, ஒரே கூண்டில் இருவர் நின்றதாகத் தோன்றும்.

டெல்ஃபிக் கோயிலின் அருள்வாக்கையே எடுத்துக்கொள்வோம். நண்பர் கைரெஃபோன் அங்கே சாக்ரடீஸைப் பற்றிக் கேட்டார் என்பதில் இருவரும் ஒத்துப்போகிறார்கள். செனபோன் எழுத்தில், இவரைவிட நேர்மையும் அடக்கமும் உள்ளவர் எவரும் இல்லை என்கிறது வாக்கு. சாக்ரடீஸ் அதைத் தம் பெருமைக்குச் சான்றாகக் காட்டுகிறார். பிளேட்டோ எழுத்திலோ, இவரைவிட ஞானி இல்லை என்ற வாக்கைக் கேட்டு அவர் திகைக்கிறார். அரசியல்வாதிகள், கவிஞர்கள், கைவினைஞர்கள் என்று ஒவ்வொருவரிடமும் போய் அதைச் சோதிக்கிறார். ஊர்ப்பகை அங்கேதான் தொடங்குகிறது. செனபோனிடம் வெறும் பாராட்டாக நின்றுவிடும் வாக்கு, பிளேட்டோவிடம் ஒரு வாழ்க்கைப் பணியாக வளர்கிறது.

ஆனாலும் செனபோனை ஒதுக்கிவிட முடியாது. உயிர் போகும் நேரத்தில் நடுவர்களைச் சீண்டும் விதத்தில் இந்தக் கிழவர் ஏன் பேசினார் என்ற கேள்வியை நேராக எழுப்பியவர் அவர்தான். கண் மங்கி, காது மந்தமாகி, நினைவு தவறி வாழ்வதைவிட இப்போதே போவது மேல் என்று சாக்ரடீஸ் முடிவுசெய்திருந்தார் என்பது அவருடைய விடை. கேள்வி பெரிது, விடை மிகச் சிறிது. முதுமைக்கு அஞ்சியவராகச் சாக்ரடீஸைக் காண என் மனம் ஒப்பவில்லை. பிளேட்டோவின் சாக்ரடீஸ், போர்க்களத்தில் நிறுத்திய இடத்தைவிட்டு நகராதவன், கடவுள் நிறுத்திய இடத்தைவிட்டு மட்டும் எப்படி நகர்வேன் என்று கேட்கிறார். அந்தப் பேச்சில் சாவை நாடும் ஆசை இல்லை.

பிளேட்டோ வழக்கு மன்றத்தில் இருந்தார்; செனபோன் அப்போது ஆசியாவில், நடந்ததைச் சாக்ரடீஸின் நண்பர் ஹெர்மோஜெனிஸ் சொல்லிக் கேட்டவர். இதை மட்டும் வைத்து யாரை நம்புவது என்று தீர்ப்பளிப்பது தவறு. மரண தண்டனைப்படி சாக்ரடீஸ் நஞ்சருந்திய நாளில் பிளேட்டோ உடல்நலமின்றிச் சிறைக்குப் போகவில்லை. ஆனால் கால்கள் குளிர்ந்து மரத்துப்போனதுவரை 'ஃபீடோ' என்ற நூலில் அவர்தான் எழுதினார்.

எனக்கு முடிவைத் தந்தது தண்டனைப் பகுதி. குற்றம் உறுதியான பின் வழக்குத் தொடுத்தவர் ஒரு தண்டனையும் குற்றவாளி மாற்றாக இன்னொன்றும் முன்மொழிய, நடுவர்கள் ஒன்றைத் தேர்வது ஏதென்ஸ் முறை. மாற்றுத் தண்டனை கேட்பதே குற்றத்தை ஒப்புவதாகும் என்று சாக்ரடீஸ் மறுத்தார், நண்பர்களையும் தடுத்தார் என்கிறார் செனபோன். கம்பீரமான காட்சிதான். பிளேட்டோவிடம் அப்படி இல்லை. நகரச் செலவில் விருந்து தாருங்கள் என்று தொடங்கும் சாக்ரடீஸ், பிறகு ஒரு மினா வெள்ளி அபராதம் கட்டுவதாகச் சொல்கிறார். நண்பர்கள் வற்புறுத்த, அது முப்பது மினாவாகிறது. பிணை நின்றவர்களில் பிளேட்டோவும் ஒருவர். சாகத் துடித்தவருக்கு இந்தப் பேரம் எதற்கு? ஆசிரியரின் பெருமையைச் சற்றே குறைக்கும் இந்தச் செய்தியை, அன்று மன்றத்தில் இருந்த பலர் வாழ்ந்த காலத்தில், தம் பெயரையும் சேர்த்துப் புனைந்து எழுதப் பிளேட்டோவுக்குக் காரணம் ஏதும் இல்லை.