போயிலை போன பாதையும் வராமல் போன பாதிப்பேரும்

யாழ்ப்பாணத்துப் புகையிலையைப் பற்றி நாங்கள் விரிவுரைகளில் நிறையப் படிச்சிருக்கிறம். ஒல்லாந்தர் காலத்திலயும் ஆங்கிலேயர் காலத்திலயும் அது கடல் தாண்டித் திருவிதாங்கூருக்குப் போனது. அந்த அரசு அதைத் தன்ர ஏகபோகமாக வைச்சு வருமானம் பார்த்தது. மலையாளத்தில 'ஜாப்பாணம் புகையில' எண்டொரு பெயரே இருக்கு. ஆனா அந்தப் போயிலை கடைசியாப் போய்ச் சேர்ந்த இடம் வாய். அதைப் பற்றி ஒரு விரிவுரையிலயும் நாங்கள் கேட்டதில்லை.

போன வருசம் எங்களில ஒருத்தியின்ர அம்மம்மாவுக்கு வாய்ப் புற்றுநோய் எண்டு தெரிய வந்தது. கன்னத்துக்குள்ள வெள்ளையா ஒரு படலம் இருந்தது அவவுக்கு முன்னமே தெரியும். "நோகேல்லைத்தானே பிள்ளை, சுண்ணாம்பு சுட்டிருக்கும்" எண்டு விட்டிட்டா. நோ வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனவ. அதுக்குப் பிறகுதான் நாங்கள் இந்த வரலாற்றைத் தேடத் தொடங்கினம்.

தேடினா, விசயம் புதுசே இல்லை. திருவிதாங்கூரின் தெற்கில, இப்ப கன்னியாகுமரி மாவட்டத்தில இருக்கிற நெய்யூரில ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அங்க வேலை செய்த மருத்துவர் ஐ. எம். ஓர், வெத்திலை போடுகிறவர்களுக்கு வருகிற வாய்ப் புற்றுநோயைப் பற்றி 1933இல் 'லான்செற்' சஞ்சிகையில எழுதினார். அந்த நோயாளிகளின் வாயில இருந்தது எங்கட போயிலைதான் எண்டு நாங்கள் சொல்ல வரேல்லை. ஆனா எங்கட போயிலையை வாங்கின அதே நாட்டில, தொண்ணூறு வருசத்துக்கு முந்தியே இது அச்சில வந்திட்டுது.

இலங்கையிலயும் ஒரு முக்கியமான முயற்சி நடந்தது. சமன் வர்ணகுலசூரியவும் அவரோட வேலை செய்தவர்களும் கிராமத்துச் சுகாதார ஊழியர்களுக்கு வாயைப் பார்க்கப் பழக்கினார்கள். ஒரு வருசத்தில 25,000க்கும் மேற்பட்டவர்களின் வாயை அந்த ஊழியர்கள் பார்த்தார்கள். சந்தேகப்பட்ட 1,200க்கும் மேற்பட்டவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில வந்த அந்த ஆய்வில எங்களை உலுக்கினது வேற ஒரு விசயம்: அனுப்பினவர்களில கிட்டத்தட்டப் பாதிப்பேர்தான் போனார்கள்.

கேரளத்தில 1996இல் தொடங்கின ஆய்வு இன்னும் பெரிசு. திருவனந்தபுரம் மாவட்டத்தில 13 பஞ்சாயத்துகள். பழக்கப்பட்ட ஊழியர்கள் வீடு வீடாப் போய் வாயைப் பார்த்தார்கள். 2005இல் முடிவு வந்தது. புகையிலையோ மதுவோ பாவிக்கிறவர்களில, வாய்ப் புற்றுநோயால் வருகிற சாவு 34 வீதம் குறைஞ்சிருந்தது. எல்லாரையும் சேர்த்துப் பார்க்கேக்க வித்தியாசம் அவ்வளவு உறுதியில்லை. அதாவது முதல்ல பார்க்க வேண்டியது வெத்திலை போடுகிறவர்களையும் குடிக்கிறவர்களையும் புகைக்கிறவர்களையும்தான்.

"போயிலை போடாட்டி ஒண்டும் செய்யாது" எண்டு எங்கட வீடுகளில சொல்லுவினம். அதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இல் போயிலை சேர்த்த வெத்திலையைத்தான் புற்றுநோய் தருவது எண்டு தீர்மானிச்சது. போயிலை இல்லாத வெத்திலைக் கூட்டும், பாக்கும் அந்தப் பட்டியலில சேர்ந்தது 2003இல். ஆகவே அம்மம்மா சொன்னது வெறும் அறியாமை இல்லை. அறிவியலே அந்த இடத்துக்கு வரப் பதினெட்டு வருசம் எடுத்தது.

இண்டைக்கு இலங்கை ஆண்களில ஆகக் கூடுதலாக் காணப்படுகிற புற்றுநோய் வாயில வாறதுதான். அதுவும் வெளியாத் தெரியிற இடத்தில. பார்க்க ஒரு டோர்ச்சும் ரெண்டு நிமிசமும் போதும். கன்னம், முரசு, நாக்கின்ர பக்கங்கள், நாக்குக்குக் கீழ. ரெண்டு கிழமைக்கு மேல ஆறாத புண், துடைச்சாப் போகாத வெள்ளை அல்லது சிவப்புப் படலம், காரம் பட்டா எரிவு, வாய் முந்தி மாதிரித் திறக்க ஏலாமை எண்டிருந்தா காட்ட வேணும். சந்தேகம் எண்டா சின்னத் துண்டொண்டு எடுத்துச் சோதிப்பினம். ஆரம்பத்தில பிடிபட்டா சத்திரசிகிச்சையோடயே பெரும்பாலும் சுகமாக்கலாம். பிந்தினா தாடையையும் வெட்டி, கதிரும் மருந்தும் கொடுத்தும் பாதிப்பேருக்கு மேல தப்புறதில்லை.

திரும்பவும் அந்த 1984க்கு வாறம். மற்றப் பாதிப்பேர் ஏன் போகேல்லை? நோ இல்லை. ஒரு நாள் கூலி போகும். பஸ் எடுக்க வேணும். புற்றுநோய் எண்ட சொல்லுக்குப் பயம். எங்கட அம்மம்மாவும் அந்தப் பாதியில ஒருத்திதான். அவவின்ர வாய்க்குள்ள பார்க்க ஒருத்தரும் வரேல்லை எண்டது மட்டும்தான் வித்தியாசம். பேத்தி பக்கத்தில இருந்து பாக்கு இடிச்சுக் கொடுத்தவள். "வாயைத் திறவுங்கோ அம்மம்மா, ஒருக்காப் பாப்பம்" எண்டு கேட்கத் தெரியாது. எங்களில ஒருத்தருக்கும் தெரியாது.

இந்த லீவுக்கு ஊருக்குப் போகேக்க நாங்கள் கேட்கப் போறம். நீங்களும் கேளுங்கோ. ஏதும் இருந்தா "போய்க் காட்டுங்கோ" எண்டு சொல்லிப் போட்டு வந்திடாமல், பஸ்ஸில கூடவே ஏறுங்கோ.