மூலநிரலும் உடைமையுரிமையும்: வீட்டுச் சாதனங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

பொருளொன்றை விலை கொடுத்து வாங்கியவர் அதனைத் திறந்து பார்க்கவும், பழுதுற்றவிடத்துத் திருத்தவும், தம் தேவைக்கேற்ப மாற்றியமைக்கவும் உரிமையுடையவர் என்பது நெடுங்காலமாக ஐயத்திற்கிடமின்றி ஏற்றுக்கொள்ளப்பட்டதொன்றாகும். தையல் இயந்திரத்தையோ துவிச்சக்கர வண்டியையோ திருத்துவதற்குச் செய்தவரிடம் அனுமதி பெறவேண்டுமென எவரும் கருதியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அன்றாடச் சாதனங்களினுள்ளே கணினிச் செய்நிரல் இடம்பெறத் தொடங்கியபோது இந்நிலை மாறியது. சாதனம் வாங்கியவருக்குரியது, அதனை இயக்கும் செய்நிரலோ விற்றவருக்குரியது என்ற பிளவு தோன்றிற்று. திறந்த மூலநிரல் இயக்கத்தின் வரலாற்றை இப்பிளவின் பின்னணியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மனிதர் எழுதுவதும் வாசிப்பதுமான செய்நிரல் வடிவம் மூலநிரல் எனப்படும். பொறி ஏற்கக்கூடிய இலக்கத் தொடராக மாற்றப்பட்ட பின்னரே அது சாதனத்தில் இடப்படுகின்றது. இவ்விலக்கத் தொடரை மாத்திரம் பெற்றிருப்பவர் சாதனத்தைப் பயன்படுத்தலாம்; அதன் போக்கை அறிவதோ மாற்றுவதோ அவருக்கு மிகக் கடினமாகும். எனவே மூலநிரல் எவர் கையில் உள்ளது என்ற வினா, சாதனத்தின்மீது உண்மையான ஆட்சி எவருக்குரியது என்ற வினாவேயாகும்.

கணினி வளர்ச்சியின் தொடக்க காலத்தில் இவ்வினா பெரிதாக எழவில்லை. பெரும் விலைக்கு விற்கப்பட்ட கணினிகளுடன் செய்நிரல்களும் சேர்த்தே வழங்கப்பட்டன. ஆய்வாளர்கள் அவற்றைத் தம்முட் பகிர்ந்து கொண்டனர். 1969ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பனி செய்நிரல்களை வன்பொருளிலிருந்து பிரித்துத் தனியாக விலையிடப் போவதாக அறிவித்தமை ஒரு திருப்பமாகும். 1980ஆம் ஆண்டில் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் கணினிச் செய்நிரல்களையும் வெளிப்படையாக உள்ளடக்குமாறு திருத்தப்பட்டது. செய்நிரல் தனியான விற்பனைப் பண்டமாயிற்று. அதன் மூலநிரல் வணிக இரகசியமாயிற்று.

இம்மாற்றத்தின் தாக்கத்தை முதலில் உணர்த்திய சாதனங்களுள் ஒன்று ஓர் அச்சுப்பொறி என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் றிச்சர்ட் ஸ்டோல்மன் என்பார் பணியாற்றினார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியிற் கடதாசி சிக்கும்போது, அச்சிடக் காத்திருப்போருக்குக் கணினிவழி அறிவிக்குமாறு அவர் அதன் செய்நிரலை மாற்றியிருந்தார். 1980ஆம் ஆண்டளவில் செறொக்ஸ் கம்பனி வழங்கிய புதிய லேசர் அச்சுப்பொறி மூலநிரலின்றி வந்தது. அதே திருத்தத்தை அதிற் செய்ய இயலவில்லை. மூலநிரலை வைத்திருந்த பிறிதொரு பல்கலைக்கழகத்தவரை அணுகியபோது, வெளியிடுவதில்லை எனத் தாம் வாக்களித்திருப்பதாகக் கூறி அவர் மறுத்தாரென ஸ்டோல்மன் பின்னர் விவரித்துள்ளார்.

1983 செப்டெம்பர் 27இல் ஸ்டோல்மன் குனு எனும் திட்டத்தை அறிவித்தார். எவரும் பயன்படுத்தவும், ஆராயவும், மாற்றவும், பகிரவும் கூடிய முழுமையான இயங்குதளமொன்றை ஆக்குவதே அதன் இலக்காகும். 1985இல் சுதந்திர மென்பொருள் மன்றம் நிறுவப்பட்டது. ஆங்கிலத்தில் விலையின்மையையும் விடுதலையையும் ஒரு சொல்லே குறிப்பதால் இவ்வியக்கம் பலகாலம் தன்னை விளக்கவேண்டியிருந்தது. இலவசம், சுதந்திரம் என இரு சொற்களைக் கொண்ட தமிழில் இம்மயக்கத்திற்கு இடமில்லை. 1998இல் வழக்கிற்கு வந்த 'திறந்த மூலநிரல்' என்ற பெயர், வணிக உலகம் தயக்கமின்றி ஏற்கவேண்டுமென்ற எண்ணத்தில் எழுந்ததாகும்.

இவ்வியக்கத்தின் தலையாய படைப்பு ஒரு சட்ட ஆவணமே எனலாம். 1989இல் வெளிவந்து 1991இல் திருத்தம் பெற்ற குனு பொது உரிமம், பதிப்புரிமைச் சட்டத்தையே கருவியாகக் கொண்டு அதன் வழக்கமான பயனைத் தலைகீழாக்கியது. செய்நிரலை எவரும் மாற்றலாம், விற்கலாம். ஆயின் பிறருக்கு வழங்குவோர் மூலநிரலையும் அதே உரிமைகளையும் உடன் வழங்கவேண்டும் என்பது அதன் சாரம். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருநிரல் அடுத்த ஆண்டில் இவ்வுரிமத்தின் கீழ் வந்தது.

லினக்ஸ் கணினிகளுடன் நின்றுவிடவில்லை. உரிமக் கட்டணமின்மை, எந்தச் சில்லுக்கும் ஏற்ப மாற்றக்கூடிய தன்மை ஆகியன காரணமாகச் சாதன உற்பத்தியாளர் அதனை விரும்பி ஏற்றனர். ஆனால் சாதன உற்பத்தி பல கைகள் மாறி நடைபெறுவது. சில்லைச் செய்வோர் ஒருவர், செய்நிரலை அமைப்போர் வேறொருவர், தம் பெயர் பொறித்து விற்போர் மற்றொருவர். இத்தொடரில் மூலநிரலை வழங்கும் கடப்பாடு பல வேளைகளிற் கைவிடப்பட்டது.

லிங்சிஸ் கம்பனி 2002 டிசெம்பரில் வெளியிட்ட டபிள்யூ.ஆர்.டி. 54 ஜீ என்ற வீட்டுப் பாவனைக்கான றவுட்டரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அது லினக்ஸினால் இயங்குவதையும் மூலநிரல் வழங்கப்படாமையையும் 2003இன் நடுப்பகுதியில் நிரலாளர்கள் கண்டறிந்து வெளிப்படுத்தினர். அவ்வாண்டிலேயே லிங்சிஸைச் சிஸ்கோ கம்பனி வாங்கியிருந்தது. எழுந்த வற்புறுத்தலின் விளைவாக மூலநிரல் வெளியிடப்பட்டது. அதனை அடிப்படையாகக் கொண்டு 2004இல் ஓப்பின் டபிள்யூ.ஆர்.டி. என்ற திட்டம் உருவாயிற்று. மலிவான அப்பெட்டிக்குப் பெறுமதி மிக்க வலையமைப்புக் கருவிகளுக்குரிய ஆற்றல்கள் கிடைத்தன. பேர்லின் நகரில் தன்னார்வத்தினர் கூரைக்குக் கூரை அமைத்த சமூக வலையமைப்பிற்கும் அது பயன்பட்டது. செய்தவர் எண்ணியிராத பயன்களை வாங்கியோரே கண்டனர்.

எனினும் இவ்வெற்றியை மிகைப்படுத்தலாகாது. வானொலி அலைகளைக் கையாளும் பகுதி மூலநிரலின்றி மூடியதாகவே இருந்தது. 2005இல் வந்த ஐந்தாம் வடிவத்தில் லினக்ஸ் நீக்கப்பட்டு, வேறொரு தனியுரிமை இயங்குதளம் இடப்பட்டது. நினைவகம் 16 மெகாபைற்றிலிருந்து 8 ஆகக் குறைந்தது. பழைய அமைப்பை விரும்பியோருக்கென லினக்ஸ் கொண்ட வடிவமொன்று தனியாக விற்கப்பட்டது. சிஸ்கோவுக்கு எதிராகச் சுதந்திர மென்பொருள் மன்றம் 2008இல் தொடுத்த வழக்கு 2009இல் இணக்கத்தில் முடிவுற்றது. உரிமத்தைக் கண்காணிக்கும் அலுவலர் ஒருவரை நியமிக்கக் கம்பனி உடன்பட்டது. இதற்கு முன்னரே, 2004இல், மியூனிக் மாவட்ட நீதிமன்றம் றவுட்டர் விற்பனை தொடர்பான வழக்கொன்றில் இவ்வுரிமத்தின் நிபந்தனைகள் வலுவுடையன என ஏற்றிருந்தது.

மூலநிரல் கிடைத்தாற் போதுமா என்ற அடுத்த வினாவை எழுப்பியது 1999இல் விற்பனைக்கு வந்த டீவோ என்ற தொலைக்காட்சிப் பதிவுக் கருவியாகும். அக்கம்பனி மூலநிரலை முறைப்படி வெளியிட்டது. ஆயின் தன் ஒப்பம் பெறாத செய்நிரலை இயக்காதவாறு வன்பொருளை அமைத்தது. வாசிக்கும் உரிமை இருந்தது. மாற்றியதை இயக்கும் வழி இருக்கவில்லை. 2007 ஜூன் 29இல் வெளியான உரிமத்தின் மூன்றாம் வடிவம், வீட்டுப் பாவனைப் பொருள்களிற் மாற்றிய செய்நிரலை நிறுவுதற்கான தகவலையும் தரவேண்டுமெனப் பணித்தது. டோர்வால்ட்ஸ் இதனை ஏற்கவில்லை. செய்நிரலுக்கு ஈடாகச் செய்நிரலைக் கேட்பதே முறை, வன்பொருளை எவ்வாறு அமைப்பதென்பது செய்பவரின் விருப்பம் என்பது அவர் நிலைப்பாடு. லினக்ஸ் இரண்டாம் வடிவத்தின் கீழேயே தொடர்ந்தது. 2008 முதல் விற்பனைக்கு வந்த அன்ட்ரொயிட் தொலைபேசிகளும் அக்கருநிரலையே கொண்டுள்ளன. உலகிற் பெருந்தொகையான மக்கள் திறந்த மூலநிரலைச் சட்டைப்பையிற் கொண்டு திரிந்தும், தம் கருவியை மாற்றியமைக்க இயலாதிருக்கும் முரண்நிலைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இதுவரை கூறிய வழக்குகளில் உரிமை கோரியோர் பதிப்புரிமையாளரே. 2021இல் மென்பொருள் சுதந்திரப் பேணகம் என்ற அமெரிக்க அமைப்பு விசியோ கம்பனிக்கு எதிராகத் தொடுத்த வழக்கு இவ்விடத்தில் வேறுபடுகின்றது. தொலைக்காட்சிப் பெட்டியை வாங்கியவர் என்ற முறையிலேயே அது மூலநிரலைக் கோரியது. உரிமம் ஓர் ஒப்பந்தமெனின், அதனாற் பயன்பெறவேண்டியவர் வாங்குபவரே என்பது அதன் வாதம்.

உற்பத்தியாளர் ஆதரவை நிறுத்தியதும் நல்ல நிலையிலுள்ள கருவிகளும் பாதுகாப்புக் குறைபாடுகளுடன் கைவிடப்படுகின்றன. மூலநிரல் கிடைத்த றவுட்டர்கள் பல அவ்வாறன்றித் தன்னார்வத்தினரின் திருத்தங்களாற் பல்லாண்டு பயன்பட்டன. கருவிகளை இறக்குமதி செய்து நெடுங்காலம் பாவிக்கும் நாடுகளுக்கு இவ்வேறுபாடு பொருளாதார முக்கியத்துவம் உடையது. தையல் இயந்திரத்தை வாங்கியவருக்கு இயல்பாகவே இருந்த உரிமை, செய்நிரல் கொண்ட சாதனத்தை வாங்கியவருக்கு உரிமங்களாலும் வழக்குகளாலும் பகுதி பகுதியாகவே மீளக் கிடைத்து வருகின்றது. மூலநிரல், அதனை இயக்கும் வழி, இரண்டையும் கோரும் தகுதி ஆகிய மூன்றும் வாங்குபவரிடம் ஒருங்கே சேரும்வரை அவ்வுரிமை முழுமை பெற்றதாகக் கொள்ள முடியாது.