குறிக்கோள்: ஒரு சொல்லும் ஒரு வாழ்க்கையும்

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கத்துப் பள்ளி விழாக்களில் மூன்று சொற்கள் தவறாமல் காதில் விழும்: இலட்சியம், இலக்கு, குறிக்கோள். மூன்றையும் ஒரே பொருளில் மாற்றி மாற்றிப் பேசுகிறோம். வேரைத் தோண்டிப் பார்த்தால் மூன்றும் மூன்று வகை வாழ்க்கையைச் சொல்கின்றன.

‘இலட்சியம்’ வடசொல். குறிபார்க்கப்படும் இடம், அம்பு தைக்க வேண்டிய புள்ளி என்பதே லக்ஷ்யத்தின் பொருள். முண்டக உபநிடதம் ஓங்காரத்தை வில்லாகவும் ஆன்மாவை அம்பாகவும் பிரம்மத்தை லக்ஷ்யமாகவும் காட்டுகிறது. தமிழ் மேடைகளில் இச்சொல்லுக்குப் பெருமை கூடியது இருபதாம் நூற்றாண்டில். எஸ்.எஸ். ராஜேந்திரன் ‘இலட்சிய நடிகர்’ ஆனார். பேச்சுத் தமிழிலோ இதற்கு இன்னொரு பொருள் உண்டு. ‘அவன் யாரையும் லட்சியமே பண்ண மாட்டான்’ என்றால் மதிக்க மாட்டான் என்று பொருள். அதன் எதிர்ச்சொல் ‘அலட்சியம்’. எதையும் மதிக்காத மனத்தில் இலட்சியம் வேர்பிடிக்காது என்பதை நம் வீட்டுப் பேச்சே சொல்லிவிடுகிறது.

‘இலக்கு’ இன்று அலுவலகச் சொல்லாகிவிட்டது. மாத இலக்கு, காலாண்டு இலக்கு. எட்டியதும் அது தீர்ந்துபோகும்; மறுநாளே வேறொன்று வந்து நிற்கும்.

‘குறிக்கோள்’ அப்படியல்ல. குறி என்பது அடையாளம். ஆட்டுக்கு இடுவதும் குறி, பூசாரி சொல்வதும் குறி, வேட்டையில் பார்ப்பதும் குறி. அதனோடு சேர்ந்திருப்பது ‘கொள்’ என்னும் வினை. பெறு பேறாகவும் கெடு கேடாகவும் நீள்வதுபோல, கொள் ‘கோள்’ என நீண்டு தொழிற்பெயராகிறது. கொள்கையும் கோட்பாடும் இதே வேரில் பிறந்தவை. ஆக, தொலைவில் நிற்கும் புள்ளி மட்டும் குறிக்கோள் ஆகாது. அதை மனத்துள் வாங்கிப் பிடித்திருக்கும் செயலே குறிக்கோள். ஏழாம் நூற்றாண்டில் அப்பர் திருக்கொண்டீச்சரத் தேவாரத்தில் இச்சொல்லை ஆள்கிறார். குழந்தைப் பருவம், இளமை, முதுமை மூன்றும் வெறுமனே கழிந்ததை எண்ணி வருந்துமிடத்தில், தமக்கு இல்லாது போனது இதுதான் என்கிறார். நாள்கள் இருந்தன, அவற்றைக் கோத்துப் பிடிக்கும் ஒன்று இல்லை என்பதே அவர் துயரம்.

அப்படிப் பிடித்து வாழ்ந்த ஒருவர் இதே சேலத்தில் இருந்தார். 1902-இல் சங்கரன்கோவிலில் பிறந்த தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். அது இன்றைய அரசு கலைக் கல்லூரி. பின்னாளில் ‘தென்மொழி’ இதழை நடத்திய பெருஞ்சித்திரனார் அங்கே அவருடைய மாணவர். ‘சொல்லாராய்ச்சிக் கட்டுரைகள்’ என்னும் நூலும் பாவாணரின் சேலம் ஆண்டுகளில் வந்ததே. ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் வேர் காட்டும் அகரமுதலி ஒன்றை உருவாக்குவதே அவர் கொண்ட குறிக்கோள். இலக்கணம், இலக்கியம் என்பனவும் தமிழே என்று வாதிட்டார். தமிழே உலக முதன்மொழி என்ற அவருடைய முடிவை மொழியியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் எந்தச் சொல்லையும் கேள்வி கேட்காமல் விடாத அவருடைய உழைப்பின் முன் நான் தலைவணங்குகிறேன்.

சேலத்துக்குப் பின் பார்த்த அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பணி 1961-இல் போனது. வறுமை வந்தது. அகரமுதலி வேலையை அவர் விடவில்லை. ‘தென்மொழி’ வழியே அன்பர்கள் அகரமுதலிக்குப் பணம் திரட்டினார்கள். 1974-இல்தான் தமிழக அரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு அவரை இயக்குநராக்கியது. அப்போது அவருக்கு வயது 72. 1981 ஜனவரியில் மறைந்தார். அகரமுதலியின் முதல் மடலம் அச்சில் வந்ததோ 1985-இல். அதன் பின்னும் பணியைத் தொடர்ந்தவர்கள் வேறு பலர்.

இலக்கு என்ற அளவுகோலில் பாவாணர் எட்டாமல் போனவர். குறிக்கோள் என்ற அளவுகோலில் அவர் வாழ்வில் குறையில்லை, ஏனெனில் அதைக் கொண்ட நாளிலிருந்தே அது அவருடைய ஒவ்வொரு நாளுக்கும் பொருள் தந்தது. தேர்வு மதிப்பெண்ணும் மருத்துவ இடமும் நம் பிள்ளைகளுக்கு நல்ல இலக்குகளாக இருக்கட்டும். அவற்றை எட்டிய பிறகும், எட்டாமல் போனாலும், எதைக் கையில் பிடித்திருப்பாய் என்றும் அவர்களைக் கேட்போம். அந்தக் கேள்விக்குத்தான் தமிழ் ‘குறிக்கோள்’ என்ற சொல்லை வைத்திருக்கிறது.