வேட்டை நாய்களின் கண் காயங்களும் பராமரிப்பும்: ஒரு வரலாறு

வேட்டை நாய்களின் கண் காயம் என்பது, வேட்டையின்போது முள், புல் விதை, மண், விலங்கின் நகம் முதலியவற்றால் நாயின் கண்ணுக்கு ஏற்படும் சேதத்தைக் குறிக்கும். ஓடும் நாய் தலையைத் தாழ்த்தி, மோப்பம் பிடித்தபடியே புதருக்குள் நுழைகிறது. அதனால் உடலின் மற்ற பாகங்களுக்கு முன்பே முகமும் கண்ணும் ஆபத்தைச் சந்திக்கின்றன. மனிதன் நாயை வேட்டைக்குப் பழக்கிய காலம் முதலே இந்தத் துன்பம் இருந்திருக்க வேண்டும். ஆனால் அதற்கான மருத்துவம் சரியான பாதைக்கு வரப் பல நூற்றாண்டுகள் ஆயின. நாயின் கண்ணைக் காக்கும் உறுப்பையே நோய் என்று எண்ணி அறுத்தெறிந்த காலமும் அந்த வரலாற்றில் உண்டு.

காயம் ஏற்படும் விதங்கள்

வேட்டையின் வகைக்கு ஏற்பக் காயத்தின் வகையும் மாறும். முயலைத் துரத்தும் மெலிந்த உடல்வாகு கொண்ட நாய்கள் வேலிகளையும் முட்புதர்களையும் ஊடுருவி விரைவதால் அவற்றின் கண்ணில் கிளையோ முள்ளோ கீறுகிறது. வளைக்குள் இறங்கும் டெரியர், டாக்சுண்ட் போன்ற சிறிய நாய்களின் கண்ணில் மண் நிறைந்துவிடும். உள்ளே பதுங்கியிருக்கும் விலங்கின் நகமும் பல்லும் முகத்தைத் தாக்கும். டாக்சுண்ட் என்ற ஜெர்மானியப் பெயருக்கே வளைக்கரடி நாய் என்றுதான் பொருள். துப்பாக்கி வேட்டையில் உதவும் நாய்களுக்குச் சிதறிய ஈயக் குண்டுகளாலும் கண் சேதமாவதுண்டு. பிளட்ஹவுண்ட் போன்ற மோப்ப நாய்களுக்குக் கீழிமை தொங்கியிருக்கும். அந்தத் தொங்கலில் விதையும் தூசியும் எளிதாகச் சேரும்.

இவற்றுள் ஏமாற்றக்கூடியது புல் விதை. சில புற்களின் விதையில் ஒரு திசை நோக்கிய நுண்ணிய முட்கள் உள்ளன. அவற்றின் அமைப்பால் விதை முன்னோக்கி நகருமே தவிரப் பின்னோக்கி வராது. இமைக்கு அடியில் அது புகுந்துவிட்டால், நாய் கண்ணைச் சிமிட்டும் ஒவ்வொரு முறையும் இன்னும் உள்ளே போகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கண் சிவந்து நீர் வடிவது மட்டுமே தெரியும்.

நாயின் கண்ணமைப்பு

நாயின் கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போன்ற கார்னியா உள்ளது. அதன் தடிமன் அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே அதிகம். ஒளி தடையின்றி உள்ளே செல்ல வேண்டும் என்பதால் கார்னியாவில் இரத்தக் குழாய்கள் இல்லை. மேற்பரப்பு மட்டும் கீறப்பட்டால், சுற்றியுள்ள செல்கள் நகர்ந்து வந்து சில நாட்களிலேயே அந்த இடத்தை மூடிவிடும். கீறலில் கிருமி சேர்ந்தால் நிலைமை மாறுகிறது. புண் ஆழமாகி, கார்னியாவே கரைந்து கண் உடையக்கூடும்.

மனிதருக்கு இல்லாத ஓர் உறுப்பும் நாய்க்கு உண்டு. கண்ணின் உள்மூலையில், மூக்கை ஒட்டி மடங்கியிருக்கும் மூன்றாம் இமைதான் அது. மனிதக் கண்ணில் அதன் எச்சமாக ஒரு சிறு மடிப்பு மட்டுமே காணப்படுகிறது. நாயின் மூன்றாம் இமை கண்ணைத் துடைக்கிறது; மறைத்துக் காக்கிறது. அதன் அடியிலுள்ள சுரப்பி கண்ணீரில் கணிசமான பங்கைச் சுரக்கிறது. கண்ணில் வலி ஏற்பட்டால் நாய் கண்விழியை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது மூன்றாம் இமை தானாகவே மேலேறிக் கண்ணை மூடும். ஆகவே மூன்றாம் இமை வெளியே தெரிவது பல வேளைகளில் வலியின் அடையாளமே ஆகும். வேறு காரணங்கள் இருந்தாலும், அந்த இமையே நோய் என்று கொள்வது தவறு.

பண்டைய நூல்கள்

வேட்டை நாய் பற்றி எழுதப்பட்டு நமக்குக் கிடைத்துள்ள பழைய நூல்களுள் ஒன்று, கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க எழுத்தாளர் செனபோனுடையது. நல்ல நாயின் கண் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் விவரிக்கிறார். கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அர்ரியன், செனபோனின் நூலை நிறைவு செய்யும் நோக்கில் கெல்ட் மக்களின் வேகமான நாய்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். தம்முடைய நாயின் சாம்பல் நிறக் கண்களை அதில் அன்புடன் நினைவுகூர்கிறார். இருவரும் கண்ணைக் கவனித்தது பெரும்பாலும் நாயைத் தேர்ந்தெடுக்கும் நோக்கில்தான். காயம்பட்ட கண்ணுக்கு என்ன செய்வது என்பதை விரிவாகப் பேச ஒரு பிரெஞ்சுப் பிரபு வர வேண்டியிருந்தது.

கஸ்தோன் பேபுசின் நூல்

பிரான்சின் தெற்கே பிரனீசு மலையடிவாரத்தில் இருந்த ஃபுவா நாட்டின் பிரபு மூன்றாம் கஸ்தோன். பேபுஸ் என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட அவர், போர், காதல், வேட்டை ஆகிய மூன்றுமே தமக்கு இன்பம் தந்தவை என்று கூறியவர். 1387ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய வேட்டை நூல் ஐரோப்பா முழுவதும் படி எடுக்கப்பட்டது. இன்றும் 40க்கும் மேற்பட்ட கையெழுத்துப் படிகள் எஞ்சியுள்ளன. பாரிசில் உள்ள பிரான்சு தேசிய நூலகத்தின் படி, அதன் வண்ண ஓவியங்களுக்காகப் புகழ் பெற்றது. ஊழியர்கள் நாய்களைச் சுற்றி அமர்ந்து பாதத்தையும் வாயையும் சோதித்துச் சிகிச்சை செய்யும் காட்சியும் அவற்றுள் உண்டு. இங்கிலாந்தில் யார்க் கோமகன் எட்வர்டு, 1406க்கும் 1413க்கும் இடையில் இந்நூலின் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

நாய்களின் நோய்கள் பற்றிய பகுதியில் கண் நோயும் இடம்பெறுகிறது. கண்மேல் ஒரு படலம் படர்வதாக நூல் சொல்கிறது. நம் ஊரில் "கண்ணில் பூ விழுந்துவிட்டது" என்று சொல்வதை ஒத்த நிலை இது. அதோடு, கண்ணின் ஒரு மூலையிலிருந்து சதை வளர்ந்து வருவதாகவும், அதற்கு "நகம்" என்று பெயர் என்றும், கவனிக்காவிட்டால் நாய் குருடாகும் என்றும் எச்சரிக்கிறது.

மருத்துவமாகச் சொல்லப்படுவன மூன்று. முதலாவது, எல்ம் மரத்தின் இலையையும் பட்டையையும் கழுத்தில் கட்டுவது. அது காய்ந்து உதிரும்போது "நகமும்" உதிரும் என்பது அக்கால நம்பிக்கை. கஸ்தோன் இதைக் குறிப்பிட்டுவிட்டு, இதனால் பெரிய பயன் இல்லை என்று ஒதுக்குகிறார். இரண்டாவது, செலண்டைன் என்ற மூலிகையின் சாற்றுடன் இஞ்சிப்பொடியும் மிளகுப்பொடியும் கலந்து, நாளுக்கு மூன்று முறை, 9 நாட்கள் கண்ணில் இடுவது. மருந்து இட்ட பின் நாய் கண்ணைத் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளவும் சொல்கிறார். மூன்றாவது, இவற்றால் குணமாகாதபோது, வளைத்த ஊசியால் அந்தச் சதையைத் தூக்கிச் சவரக் கத்தியால் அறுப்பது. குதிரைக்கு லாடம் கட்டுபவர்கள் இதைச் செய்ய வல்லவர்கள் என்றும், ஊசி கண்ணில் படக் கூடாது என்றும் நூல் கூறுகிறது.

"நகம்" என்ன?

கண்மூலையிலிருந்து எழுந்து வரும் சதை என்ற வருணனை, பெரும்பாலும் மேலேறி நிற்கும் மூன்றாம் இமையையே குறிக்க வேண்டும். குதிரைகளிலும் லாடம் கட்டுபவர்கள் இதே இமையை நோயாகக் கருதி அறுத்துவந்தனர். இந்த வழக்கம் பல நூற்றாண்டுகள் நீடித்தது.

இதன் விளைவை எண்ணிப் பார்க்கலாம். முள் குத்திய ஒரு நாய், வலியால் கண்ணை உள்ளிழுக்கிறது. மூன்றாம் இமை மேலேறி மூடுகிறது. பார்ப்பவர் முள்ளைக் காணவில்லை, இமையைக் காண்கிறார். முதலில் மிளகுப்பொடி, பிறகு கத்தி. முள் இருந்த இடத்திலேயே இருக்கிறது. காவல் நின்ற இமையும் கண்ணீர் சுரந்த சுரப்பியும் போய்விட்டன. கண் வறண்டு, நாளடைவில் பார்வை மங்குகிறது. நோய் முற்றியதால் குருடானது என்றே உரிமையாளர் நினைத்திருப்பார்.

செலண்டைன் தேர்வுக்கும் ஒரு பழங்கதை உண்டு. அதன் பெயர் தைலான் குருவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பார்வையிழந்த குஞ்சுகளுக்குத் தாய்க்குருவி இச்செடியால் பார்வையை மீட்கிறது என்று ரோமானியரான பிளினி எழுதியுள்ளார். ஒடித்தால் மஞ்சள் பால் வடியும் இச்செடி, நம் ஊர்ப் பிரமதண்டு அடங்கிய கசகசாக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தப் பால் தோலையும் கண்ணையும் எரிக்கக்கூடியது.

ஆயினும் கஸ்தோனை எளிதில் பழிக்க இயலாது. கழுத்தில் கட்டும் பட்டையை அவர் நம்பவில்லை. நாய் கண்ணைத் தேய்த்தால் காயம் கூடும் என்பதை அறிந்திருந்தார். நாயின் துன்பத்தை நோயாகக் கருதி எழுதினார். அவரிடம் இல்லாதவை, கண்ணுக்குள் பார்க்கும் கருவியும் உடற்கூற்று அறிவும் ஆகும்.

கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் தோற்றம்

1761இல் கிளோத் பூர்ழெலா பிரான்சின் லியோன் நகரில் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை நிறுவினார். இலண்டனில் 1791இல் கல்லூரி தொடங்கியது. மாடும் குதிரையுமே அவற்றின் முதன்மைக் கவனமாக இருந்தன. நாய்க்கான மருத்துவம் வளர்ந்ததில் இங்கிலாந்தின் டெலபியர் பிளேன் முக்கியமானவர். நாய்களின் நோய்கள் பற்றிய அவரது நூல் 1817இல் வெளிவந்தது. அவருடன் பணியாற்றிய வில்லியம் யூயட் 1845இல் வெளியிட்ட நாய் பற்றிய நூலில் கண் நோய்களுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார்.

பின்னர் வந்த மாற்றங்கள் மனிதக் கண் மருத்துவத்திலிருந்து கிடைத்தவை. 1851இல் ஜெர்மானிய அறிஞர் எல்மோல்ட்ஸ், கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை அறிமுகப்படுத்தினார். 1884இல் கார்ல் கொல்லர், கொகெய்ன் சொட்டு கண்ணை மரத்துப்போகச் செய்வதைக் காட்டினார். அடால்ஃப் வான் பேயர் 1871இல் தயாரித்த புளோரசின் என்ற சாயம் 1880களில் கார்னியாவைச் சோதிக்கப் பயன்பட்டது. முழுமையான கார்னியாவில் இந்தச் சாயம் ஒட்டாது; மேற்பரப்பு கிழிந்த இடத்தில் மட்டும் பச்சையாக ஒளிரும். வெறும் கண்ணுக்குத் தெரியாத கீறலை ஒரு சொட்டுச் சாயம் காட்டிவிடுகிறது. 1970இல் அமெரிக்காவில் கால்நடைக் கண் மருத்துவ நிபுணர்களுக்கெனத் தனி அமைப்பு தோன்றியது.

இன்றைய பராமரிப்பு

கண்ணைச் சுருக்குதல், நீர் அல்லது பீளை வடிதல், முன்னங்காலால் கண்ணைத் தேய்த்தல், விழி நீலம் கலந்த வெண்மையாக மங்குதல், மூன்றாம் இமை மேலேறுதல் ஆகியவை காயத்தின் அறிகுறிகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

மண்ணும் தூசியும் விழுந்திருந்தால், கிருமி நீக்கிய சலைன் கரைசலால் கண்ணைக் கழுவலாம். பால், மூலிகைச் சாறு முதலியவற்றை ஊற்றக் கூடாது. விழியில் முள் குத்தி நின்றால் அதைப் பிடுங்குவது ஆபத்து. அது அடைத்திருந்த துளை வழியாக உள்ளிருக்கும் நீர் வெளியேறிவிடும். நாய் தேய்க்காமலிருக்கக் கழுத்தைச் சுற்றிப் புனல் வடிவப் பட்டை அணிவிக்கலாம். முதலாம் எலிசபெத் அரசியின் காலத்துக் கழுத்தணியை ஒத்திருப்பதால் அதற்கு எலிசபெத் காலர் என்று பெயர். கஸ்தோன் சொன்ன அதே அறிவுரைக்குக் கிடைத்த எளிய கருவி இது.

வீட்டில் மீந்திருக்கும் சொட்டு மருந்தைப் பயன்படுத்துவது இன்றைய காலத்து "மிளகுப்பொடி" எனலாம். அம்மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு உடனே குறையும். ஆனால் அது புண் ஆறுவதைத் தடுத்து, கார்னியா கரைவதை விரைவுபடுத்தும். கண் நன்றாகிவிட்டது என்று எண்ணும் வேளையில் பார்வை போயிருக்கும்.

மருத்துவர் புளோரசின் சோதனை செய்து, நுண்ணுயிர்க் கொல்லிச் சொட்டும் வலிக்கு மருந்தும் தருவார். கரையும் புண்ணுக்கு, நாயின் இரத்தத்திலிருந்தே பிரித்த சீரத்தைச் சொட்டாக இடும் முறை உண்டு. கார்னியாவைக் கரைக்கும் நொதிகளை அது தடுக்கிறது. காப்பாற்ற இயலாத கண்ணை அகற்ற வேண்டியும் வரலாம். மோப்பத்தால் உலகை அறியும் நாய், ஒற்றைக் கண்ணுடன் நிம்மதியாக வாழும்.

தமிழகச் சூழலில்

இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை தமிழகத்தில் வேட்டைக்குப் பெயர் பெற்ற நாயினங்கள். இராசபாளையம் நாய்க்கு 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்த வேட்டை சட்டப்படி முடிவுக்கு வந்தது. எனினும் இந்நாய்கள் தோட்டக் காவலுக்கு வளர்க்கப்படுகின்றன. சீமைக்கருவேல முள்ளும் ஒட்டுப்புல்லும் நிறைந்த காடுகரையில் ஓடும் நாய்க்கு, வேட்டை நாய்க்கு இருந்த அதே ஆபத்து உண்டு. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 முதல் இயங்கிவருகிறது. மாவட்டங்களில் அரசு கால்நடை மருந்தகங்களும் உள்ளன.

மூன்றாம் இமைக்கு அடியில் புல் விதை இருப்பதாக ஐயம் வந்தால், இன்றைய மருத்துவர் கண்ணை மரத்துப்போகச் செய்து, அந்த இமையை இடுக்கியால் மெல்லத் தூக்குகிறார். 14ஆம் நூற்றாண்டில் லாடம் கட்டுபவர் வளைந்த ஊசியால் தூக்கியதும் அதே இமையைத்தான். அவர் அறுப்பதற்காகத் தூக்கினார். இவர் அடியில் இருப்பதைப் பார்ப்பதற்காகத் தூக்குகிறார். விதையை எடுத்தபின் இமை தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறது.