மேலண்ணத்தை வரைபவர் யார்? கழற்றி மாட்டும் பகுதிப் பல்செட்டின் வரலாறு

இந்தியப் பல் மருத்துவர் சட்டம் 1948ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ‘பல் மருத்துவம்’ என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில், பற்களுக்கும் தாடைக்கும் செய்யப்படும் சிகிச்சையோடு செயற்கைப் பற்களை உருவாக்குதல், புதுப்பித்தல், பொருத்துதல் ஆகியனவும் அடங்கும். அதே சட்டம் டென்டல் மெக்கானிக் என்றொருவரையும் தனியே வரையறுக்கிறது. பல்செட்டுகளையும் பல் சார்ந்த கருவிகளையும் செய்பவர் அல்லது பழுதுபார்ப்பவர் அவர். வாயைக் காண்பவர் ஒருவர், பொருளைச் செய்பவர் மற்றொருவர் என்றால், அப்பொருளின் வடிவத்தை முடிவு செய்பவர் யார்? இக்கேள்வியை மேல்தாடைக்கான பகுதிப் பல்செட்டை முன்வைத்து ஆராய்வதே இப்பதிவின் நோக்கம். பிழையான வடிவம் நெடுங்காலம் பிழையாகத் தோன்றாமலே இருந்துவிடக்கூடிய இடம் மேல்தாடைதான்.

இச்சட்டத்துக்கும் பெரார்கஞ்சுக்கும் தொடர்பு உண்டு. தெற்கு அந்தமானில், இன்று ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்டுள்ள போர்ட் பிளேயரிலிருந்து ஜிர்காடாங் நோக்கிச் செல்லும் அந்தமான் பெருவழிச்சாலையில் அமைந்த ஊர் அது. 1923 முதல் 1931 வரை தலைமை ஆணையராக இருந்த ஃபெரார் என்பவரின் பெயரைத் தாங்கியது. ஐக்கிய மாகாணத்திலிருந்து கொண்டுவரப்பட்ட பாந்து மக்கள் 1920களில் இங்குக் குடியமர்த்தப்பட்டனர். 1921 கிளர்ச்சிக்குப் பின் மலபாரிலிருந்து அனுப்பப்பட்ட மாப்பிளைமாரின் ஊர்கள் சுற்றுவட்டத்தில் உள்ளன. 1949 முதல் கிழக்கு வங்கத்திலிருந்து இடம்பெயர்ந்தோர் தெற்கு அந்தமானுக்கு வந்தனர். அந்தமான் நிக்கோபார்த் தமிழருள் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியோர் உண்டு.

பல் மருத்துவர் சட்டம் பதிவேட்டை இரண்டாகப் பகுத்தது. அங்கீகரிக்கப்பட்ட பட்டம் பெற்றோர் ‘அ’ பகுதியிலும், பட்டமின்றித் தொழிலால் பயின்று அதனையே வாழ்வாதாரமாகக் கொண்டிருந்தோர் ‘ஆ’ பகுதியிலும் இடம்பெற்றனர். 1972ஆம் ஆண்டுத் திருத்தம், இடம்பெயர்ந்தோரும் தாயகம் திரும்பியோரும் பதிவு பெற வழிசெய்தது. அந்தமானின் குடியேற்ற ஊர்களை உருவாக்கிய அதே இடப்பெயர்வுகள் இந்தியப் பல் மருத்துவப் பதிவேட்டிலும் தடம் பதித்திருக்கின்றன.

பதிவேட்டை இவ்வாறு இரண்டாகப் பகுக்கும் தேவை ஏன் எழுந்தது? ஆர். அகமது கல்கத்தாவில் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியது 1920இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது 1953இல். கல்லூரிகள் பரவும் முன்பே நகரங்களில் பல் கட்டுவோர் இருந்தனர். சீனாவின் ஹூபெய் மாகாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் நடத்திய கடைகள் அவற்றுள் புகழ்பெற்றவை. அங்கே வாயைப் பார்த்தவரே மெழுகையும் உருக்கினார். அளவெடுத்த கையும் கம்பி வளைத்த கையும் ஒன்றே. அம்முறையின் குறைகள் பல. ஆயினும் வடிவத்துக்குப் பொறுப்பானவர் யார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

மேல்தாடையின் இயல்பை இனிக் காண்போம். கீழ்த்தாடைப் பல்செட் எலும்பின்மேல் அமர்கிறது. மேல்தாடைப் பல்செட் புவியீர்ப்புக்கு எதிராகத் தொங்கவேண்டும். அதற்குத் துணைநிற்பது அண்ணம். அகன்ற, உறுதியான தோலால் மூடிய அப்பரப்பின்மீது துல்லியமாகப் படியும் தட்டினை மெல்லிய உமிழ்நீர்ப் படலமே பிடித்துக்கொள்ளும். சப்பானின் வாகயாமா பகுதியில் 1538இல் மறைந்த நகாவோகா தெய் என்னும் பௌத்தத் துறவியின் மேல்தாடைப் பல்செட் இன்றும் உள்ளது. மரத்தில் செதுக்கிய அது இம்முறையில்தான் நின்றது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் அக்காலத்துக்குப் பின்னும் சுருள்வில்களை நம்பியிருந்தன. 1800ஆம் ஆண்டளவில் பிலடெல்பியாவின் ஜேம்ஸ் கார்டெட், வில் பொருத்தும் முன் பழகிக்கொள்ளுமாறு ஒரு பெண்ணிடம் மேல்பல்செட்டைக் கொடுத்துச் சென்றார் என்றும், சில மாதங்களுக்குப் பின் அவர் வில்லின்றியே அதனை அணிந்திருக்கக் கண்டார் என்றும் பல் மருத்துவ வரலாறு கூறும்.

அண்ணத்தின் இந்த ஒத்துழைப்பை மலிவான பொருளோடு இணைத்தது ரப்பர். குட்இயர் குடும்பம் கண்டறிந்த கடினரப்பரைப் பல்செட்டுக்குப் பயன்படுத்தும் காப்புரிமை 1864இல் வழங்கப்பட்டது. அதனைக் கையில் வைத்திருந்த நிறுவனம் பல் மருத்துவர்களிடம் கட்டணம் வசூலித்தது, மறுத்தவர்மீது வழக்குத் தொடுத்தது. நிறுவனத்தின் பொருளாளர் ஜோசையா பேக்கன், 1879இல் சான்பிரான்சிஸ்கோவில் சாமுவேல் சால்பன்ட் என்ற பல் மருத்துவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். காப்புரிமை 1881இல் முடிவுற்றபின் கட்டுப்பல் எளியோருக்கும் எட்டும் பொருளாயிற்று. 1937இல் அறிமுகமான அக்ரிலிக், ஈற்றின் நிறத்தையும் எளிய செய்முறையையும் சேர்த்து அளித்து ரப்பரை வெளியேற்றியது.

இதுவரை கூறியவை பெரும்பாலும் முழுப் பல்செட்டின் கதை. பகுதிப் பல்செட் வேறு வகைச் சிக்கல். முழுப் பல்செட்டில் இழக்க இனி எதுவுமில்லை. பகுதிப் பல்செட்டிலோ எஞ்சிய பற்களைக் காப்பதே முதற்கடமை. மேல்தாடையில் 16 பற்கள். ஒவ்வொன்றும் இருக்கலாம் அல்லது இல்லாதிருக்கலாம் எனக் கணக்கிட்டால், முற்றும் உள்ளதையும் முற்றும் இழந்ததையும் தவிர்த்து 65,534 நிலைகள் கிடைக்கும். இவற்றை நான்கு வகையுள் அடக்கினார் அமெரிக்கரான எட்வர்ட் கென்னடி. 1925இல் வெளியான அப்பகுப்பு இன்றும் பாடமாக உள்ளது. இருபுறமும் கடைவாய்ப் பற்கள் இழந்தது முதல் வகை. ஒருபுறம் மட்டும் அவ்வாறு இழந்தது இரண்டாவது. இடைவெளியின் இருமுனையிலும் பல் நிற்பது மூன்றாவது. நடுக்கோட்டைத் தாண்டி முன்பற்கள் இழந்தது நான்காவது. எண்களைவிட அவற்றின் பின்னுள்ள வினாவே முக்கியம்: மெல்லும் பாரத்தைத் தாங்கப்போவது பல்லா, ஈறா, இரண்டுமா?

பாரத்தைப் பல்லுக்கு மாற்ற, பல்லின் மேற்பரப்பில் சிறு பள்ளம் அமைத்து அதில் உலோகத் தாங்கி ஒன்றை அமர்த்துவர். கோபால்ட்–குரோமியக் கலவையை வார்க்கும் முறை 1930களில் பரவியபின், ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள சட்டகத்தில் இது இயல்வதாயிற்று. அதன் விளிம்பு மேல்தாடையின் ஈற்றோரத்திலிருந்து 6 மில்லிமீட்டரேனும் விலகியிருக்க வேண்டும் என்பது பாடநூல் விதி. அக்ரிலிக் பகுதிப் பல்செட்டில் பெரும்பாலும் தாங்கி இல்லை. பற்களின் உட்புறத்தையும் ஈற்றோரத்தையும் முழுதும் தழுவிய 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள தட்டும் இரண்டு கம்பிக் கொக்கிகளுமே அதன் உறுப்புகள். மெல்லும்போதெல்லாம் அது சிறிது சிறிதாக அமிழ்ந்து ஈற்றை உரிக்கிறது, உணவையும் அழுக்கையும் தேக்குகிறது. கீழ்த்தாடையாயின் வலி விரைவில் எச்சரிக்கும். மேல்தாடையில் அண்ணம் பாரத்தின் பெரும்பகுதியைப் பொறுத்துக்கொள்கிறது. அணிந்தவர் ‘நன்றாகவே இருக்கிறது’ என்பார். சில ஆண்டுகளில் கொக்கி பற்றிய பல் ஆடும். பொறுமையுள்ள அண்ணத்தின் கடனை அயற்பற்கள் அடைக்கின்றன.

அக்ரிலிக்கைக் குறைகூறி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் எளியோருக்கு எட்டும் பொருளும் அதுவே. இதனை உணர்ந்து, அதே பொருளில் தீங்கற்ற மேல்தாடை வடிவம் ஒன்றை 1949இல் முன்வைத்தவர் நியூசிலாந்தின் எவரி. செயற்கைப் பல் அயற்பல்லை ஒரு புள்ளியில் மட்டும் தொடவேண்டும். தட்டின் விளிம்பு ஈற்றோரத்திலிருந்து 3 மில்லிமீட்டரேனும் விலக வேண்டும். பற்களுக்கிடையே இடம் திறந்திருக்க வேண்டும். கடைசிப் பல்லின் பின்புறம் ஒரு கம்பி நின்று அப்பல் பின்னோக்கி நகராமல் தடுக்க வேண்டும். எஞ்சியவற்றை அண்ணமே தாங்கும். இடைவெளிகளின் இருமுனையிலும் பற்கள் உள்ள வாய்க்கே இது பொருந்தும். பொருந்தும் வாயிலோ, விலையுயர்ந்த உலோகமின்றி ஈற்றைக் காக்கிறது. இதற்குத் தேவைப்படுவது விலைகூடிய பொருளன்று, பிளாஸ்டர் மாதிரியின்மேல் பென்சிலால் சிந்தித்து வரைந்த ஒரு கோடு.

அக்கோட்டை வரைவதற்கு வாயைப் பற்றிய அறிவு வேண்டும். எழுத்துகள் பிறக்கும் இடங்களைக் கூறும் தொல்காப்பியப் பிறப்பியல், பல்லையும் அண்ணத்தையும் தனித்தனி உறுப்புகளாக எண்ணுகிறது. நாவை மேலெழுப்பி அண்ணத்தோடு பழகும் ட, ண, ழ, ள ஆகியவற்றைத் தமிழர் நாள்தோறும் ஒலிக்கிறோம். மேற்பற்களின் பின்னே தொடங்கும் வரிமேடுகளைத் தடித்த தட்டு மூடினால் நாவுக்குத் தன் இடம் தெரிவதில்லை. மற்றொன்று பாக்கு. அந்தமானின் முதன்மைப் பயிர்களுள் ஒன்று அது. நெடுங்காலப் பாக்குப் பழக்கத்தால் வாயின் உட்தோல் நார்போல் இறுகி, வாய் திறக்கும் அளவு குறையும். அளவெடுக்கும் தட்டே நுழையாத வாயில் பல்செட்டை அணியும் திசையையும் மாற்றிச் சிந்திக்க வேண்டும். அச்சு வாரத்த பிளாஸ்டர் மாதிரி இவற்றுள் எதனையும் சொல்லாது. நோயாளியின் பேச்சும், திறக்க இயலாத வாயும், ஆடும் பல்லும் மாதிரியில் பதிவதில்லை.

ஆயினும் பல இடங்களில் மாதிரி மட்டுமே லேபுக்குச் செல்கிறது. பிரிட்டன் உட்படப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள், பகுதிப் பல்செட்டின் வடிவத்தைப் பல் மருத்துவர் எழுதித் தராமல் மெக்கானிக்கிடமே விட்டுவிடும் வழக்கத்தை மீண்டும் மீண்டும் சுட்டியுள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1993ஆம் ஆண்டு நெறிமுறை, ஒருவருக்கெனத் தனியே செய்யப்படும் மருத்துவக் கருவியின் வடிவக்கூறுகள் தகுதியுள்ளவரின் எழுத்துக் குறிப்பில், அவருடைய பொறுப்பில் இருக்கவேண்டும் என்று கூறியது. மெக்கானிக்கின் திறமையை ஐயுறும் விதியன்று அது. தான் காணாத வாய்க்கு அவரைப் பொறுப்பாக்குவது அநீதி என்பதே அதன் உட்பொருள். லேப் பக்கத்து அறையில் இருந்தால் பேசித் தீர்க்கலாம். லேபுக்கும் நோயாளிக்கும் இடையே கடல் இருந்தால் அந்த ஒரு தாளே இருவருக்குமான உரையாடல்.

பழைய பல் கட்டுவோரின் தொழிலை முறைப்படுத்திய 1948ஆம் ஆண்டுச் சட்டம் தேவையான சட்டமே. ஒருவர் கையில் இருந்த தொழிலை அது இருவர் கையில் பகுத்தது. பகுத்த இடத்தில் விழுந்த இடைவெளியை நிரப்பவேண்டியது அந்த வரைபடம். மேல்தாடைக்குப் பகுதிப் பல்செட் கட்டிக்கொள்ளும் பெரியவர் எவரும், ‘பாரம் எந்தப் பல்லில் இறங்குகிறது, தட்டு ஈற்றை விட்டு எவ்வளவு விலகியிருக்கும்?’ என்று கேட்கலாம். மாதிரியில் அக்கோடு முன்பே வரையப்பட்டிருந்தால் விடை உடனே கிடைக்கும்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் தாத்தா பாட்டியின் பழைய பல்செட் இருப்பின் எறிந்துவிடாதீர்கள். கருஞ்சிவப்பு நிறமாயின் அது ரப்பராக இருக்கலாம். அண்ணம் பட்ட பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தட்டு எங்கே முடிகிறது, கொக்கி எந்தப் பல்லைப் பற்றியது என்பவை யார் சிந்தித்தார், யார் சிந்திக்காமல் விட்டார் என்பதைக் காட்டும் ஆவணங்கள்.