கையும் வாயும்: சுவீடனில் காது கேளாத குழந்தைகளின் இரு மொழிகள்

காது கேளாதவர்கள் தங்களுக்குள்ளும் சமுதாயத்திலும் இயல்பாக வாழ வேண்டுமானால் சைகை மொழி, சுவீடிஷ் என இரண்டு மொழியும் அவர்களுக்குக் கைவர வேண்டும் என்பதை 1981 மே 14 அன்று சுவீடன் நாடாளுமன்றம் ஏற்றது. இந்த வகையில் உலகில் முந்திக்கொண்ட நாடு அதுதான். அந்த முடிவுக்குப் பின்னால் நூற்று எழுபது ஆண்டுக் கதை இருக்கிறது.

கதை ஒரு நாடகத்தில் தொடங்குகிறது. பாரிசில் காது கேளாதோருக்குப் பள்ளி நடத்திய பாதிரியார் டெ லெப்பே பற்றிய நாடகத்தை ஸ்டாக்ஹோமில் பார் ஆரோன் போர்க் என்ற அரசு ஊழியர் பார்த்தார். மனம் அதிலேயே நின்றுவிட, 1809இல் அவரே ஒரு பள்ளி தொடங்கினார். பின்னாளில் மனில்லா பள்ளி என்று பெயர் பெற்றது அது. வகுப்பில் சைகையும் விரல் எழுத்துகளும் புழங்கின. 1823இல் போர்க் போர்ச்சுகல் சென்று அங்கும் ஒரு பள்ளியை நிறுவினார். போர்ச்சுகல் நாட்டு விரல் எழுத்துகள் இன்றும் பக்கத்து நாடான ஸ்பெயினைவிடத் தொலைதூரச் சுவீடனுக்கு உறவாக இருப்பது அதனால்தான்.

1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு காற்றைத் திருப்பியது. வந்திருந்த 164 பேரில் காது கேளாதவர் ஒரே ஒருவர். வாய்ப்பேச்சு முறையே உயர்ந்தது என்று மாநாடு தீர்மானித்தது. ஐரோப்பியப் பள்ளிகள் பலவும் அந்தப் பக்கம் சாய்ந்தன. சுவீடனில் 1889ஆம் ஆண்டுச் சட்டம் காது கேளாத குழந்தைகளுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கியது. நல்ல சட்டம்தான். ஆனால் குழந்தைகள் தரம் பிரிக்கப்பட்டார்கள்: பேச்சு வருபவர்களுக்கு ஒரு வகுப்பு, எழுத்து மட்டும் வருபவர்களுக்கு ஒன்று, இரண்டும் வராதவர்களுக்குச் சைகை வகுப்பு. சைகை கடைசிப் படிக்கு இறங்கியது அப்படித்தான். வகுப்பறையில் மதிப்பிழந்த மொழி விடுதி அறைகளிலும் விளையாட்டுத் திடலிலும் பிள்ளைகளின் கைகளில் பிழைத்துக் கிடந்தது.

வாய்ப்பேச்சு முறையின் சிக்கல் எளிமையானது. உதடுகளைப் பார்த்து மட்டும் ஒரு மொழியைப் புதிதாகக் கற்க முடியாது. கண்ணாடி முன் நின்று ‘பாடு’, ‘மாடு’ என்று ஒலி எழுப்பாமல் சொல்லிப் பார்த்தால் இரண்டுக்கும் உதடு ஒன்றுபோலவே அசைவது தெரியும். மொழியை முன்பே அறிந்தவர் பேச்சின் போக்கை வைத்து ஊகித்துவிடுவார். இரண்டு வயதுக் குழந்தைக்கு ஊகிக்க ஏது கையிருப்பு? காது கேளாத பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேருக்குப் பெற்றோர் கேட்கும் திறன் உள்ளவர்கள். வீட்டிலும் சைகை இல்லாததால் மொழி பதிய வேண்டிய முதல் ஆண்டுகள் வெறுமையாகவே கழிந்தன.

1970களில் பள்ளிகள் ஒரு சமரசம் கண்டன: சுவீடிஷ் பேசிக்கொண்டே, அதே சொல்வரிசையில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சைகை. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக மொழியியலாளர் பிரிட்டா பெரிமான் இதை ஆராயப் புகுந்தார். காது கேளாதோர் தங்களுக்குள் பேசிக்கொள்வது இதுவல்ல, முகமும் புருவமும் இலக்கணத்தில் பங்கேற்கும் தனி மொழி அது என்பது தெளிவாயிற்று. அவருடன் பணியாற்றிய இங்கர் ஆல்கிரன் சிறு குழந்தைகளைக் கவனித்தார். காது கேளாத பெரியவர்களோடு பழக வாய்த்த குழந்தைகள், மற்றக் குழந்தைகள் பேச்சைப் பற்றிக்கொள்வதுபோலவே சைகையைப் பற்றிக்கொண்டார்கள். தனியே கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. பேசுவதற்கு ஆள் இருந்தால் போதும். காது கேளாதோர் சங்கங்களும் பெற்றோரும் இந்த ஆய்வுகளைக் கையில் பிடித்துக்கொண்டு அரசை நெருக்கினார்கள். 1981ஆம் ஆண்டு முடிவும், பள்ளிகளில் இரு மொழிக் கல்வியைக் கொண்டுவந்த 1983ஆம் ஆண்டுப் பாடத்திட்டமும் அப்படிப் பிறந்தவை.

அந்தக் காலத்தில் இரண்டாவது மொழி என்றால் பெரும்பாலும் எழுத்துச் சுவீடிஷ்தான். ஆசிரியர் ஒரு கதையைச் சைகையில் சொல்லி, பிறகு புத்தகத்தில் அதே கதையைக் காட்டி, இந்த மொழியில் இப்படி, அந்த மொழியில் அப்படி என்று ஒப்பிட்டு விளக்குவார். பேச்சுப் பயிற்சி ஓரமாக நடந்தது.

கடினமான பங்கு பெற்றோருடையது. தங்களுக்கே தெரியாத மொழியைக் குழந்தையின் தாய்மொழியாக்க வேண்டியிருந்தது. 1990களின் இறுதியில் அவர்களுக்கு 240 மணி நேரச் சைகை வகுப்புக்கு அரசு வழி செய்தது. சொற்களைவிடப் பழக்கங்களைக் கற்பதுதான் சிரமம். படப் புத்தகத்தையும் அம்மாவின் கையையும் குழந்தையால் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. அது நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது புத்தகத்தின் மேலேயே சைகை செய்ய வேண்டும். கூப்பிடத் தோளைத் தொட வேண்டும். தூரத்தில் இருந்தால் விளக்கை அணைத்துப் போட வேண்டும். காது கேளாத தாய்மார்கள் யாரும் சொல்லித்தராமலே செய்துவந்தவை இவை.

1990களில் காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற, உட்காதில் பொருத்தும் கேட்கும் கருவி குழந்தைகளுக்கு வந்தது. குடும்பத்தில் சைகை வேரூன்றிய பிறகே அறுவைச் சிகிச்சை என்று சுவீடனில் முதலில் நிபந்தனை இருந்தது. பின்னர் அது தளர்ந்தது. பிறந்தவுடனே செவிச் சோதனை, ஒரு வயதுக்கு முன்பே கருவி என்றானதும் பெரும்பாலான குழந்தைகள் பேசத் தொடங்கினார்கள், பக்கத்துப் பொதுப் பள்ளிக்குப் போனார்கள். ஓரமாக இருந்த பேச்சு நடுவுக்கு வந்தது, நடுவில் இருந்த சைகை ஓரத்துக்குப் போனது. இரு மொழி என்ற பெயர் மட்டும் மாறவில்லை. முன்பு பேச்சைக் குறைத்து எடைபோட்டது தவறென்றால், இப்போது சைகையைக் கைவிடுவதும் தவறுதான். கருவி எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவில் பயன்படுவதில்லை. குளிக்கவும் தூங்கவும் அதன் வெளிப்பகுதியைக் கழற்றி வைத்தால் குழந்தைக்குக் காது கேட்பதில்லை.

2009ஆம் ஆண்டு மொழிச் சட்டத்தில் சுவீடன் சைகைக்கு இடம் வைத்திருக்கிறது. சைகை மொழியைக் காத்து வளர்ப்பது அரசு அமைப்புகளின் பொறுப்பு; தேவைப்படுவோருக்கு அதைக் கற்கவும் வளர்க்கவும் பயன்படுத்தவும் வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது அச்சட்டம்.